கட்டிய கையும் ஓங்கிய கையும்

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. மலாயா சரித்திரம் படித்தவர்களுக்கு இந்த ஊரின் பெயர் ஒரு நாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும்: 1948 ஜூன் 16. அன்று காலை எல்ஃபில் ரப்பர் தோட்டத்து மேனேஜர் ஆர்தர் வாக்கர் தம் ஆபீசிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சைக்கிளில் வந்த சீன இளைஞர்கள் முதலில் அவருக்கு மலாயில் வணக்கம் சொன்னார்கள், அவரும் பதில் வணக்கம் சொன்னார், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வெடித்தது என்று பதிவாகியிருக்கிறது. சிறிது நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன் என்ற மேனேஜரையும் இயன் கிறிஸ்டியன் என்ற இளம் உதவியாளரையும் கைகளைக் கட்டிச் சுட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்குவதற்கென்று இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

அதே ஊரில், அந்தக் கொலைகள் நடந்த ஆறாவது ஆண்டில், 1954இல், ஒரு தமிழ்ப்பள்ளி திறக்கப்பட்டது. பெயர் மகாத்மா காந்தி கலாசாலை. திறந்துவைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். அந்தப் பள்ளிக்காக உழைத்தவர் இந்த ஊர்க்காரரான வீ. தி. சம்பந்தன். அப்போது அவசரகாலம் முடியவில்லை. லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, சுற்றி முள்கம்பி இருந்தது, வாசலில் துப்பாக்கியோடு காவல் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு பள்ளிக்குக் காந்தியின் பெயரை வைப்பது சும்மா நடக்கிற காரியம் இல்லை.

பலத்தைப் பயன்படுத்துவது எப்போதாவது சரியாகுமா, எப்போதுமே தவறுதானா என்ற கேள்வி எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஊரில் இருந்தே வந்தது. ஆனாலும் அதை நான் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்த சம்பவத்துக்குப் பிறகுதான்.

சந்தைக்கு எதிரே, பசியாறிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன், காய்கறிப் பையோடு நடந்துபோன ஓர் அம்மாவின் சங்கிலியை அறுத்தான். திரும்பும்போது கீரை வண்டியில் மோதி விழுந்தான். எழுந்தவன் கையில் நீளமான திருப்புளி ஒன்று இருந்தது. அதைச் சுழற்றிக்கொண்டு வழி கேட்டான். மீன்கடைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். நான் இடது மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னும் இரண்டு பேர் அமுக்கினார்கள். திருப்புளி கீழே விழுந்தது. கீரைக்கட்டு கட்டும் சிவப்பு ராஃபியா கயிற்றால் அவன் கைகளைப் பின்னால் வைத்து விளக்குக் கம்பத்தோடு கட்டினோம். இத்தனையும் இரண்டு நிமிடத்துக்குள்.

அடி அதற்குப் பிறகு தொடங்கியது. ஒருவர் அவனுடைய ஹெல்மெட்டையே எடுத்து நெற்றியில் அடித்தார். பிளாஸ்டிக் ஓடு எலும்பில் படுகிற சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தத்தைப் போல இருந்தது. வந்தவர் எல்லாரும் ஓர் அடி கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்தத் திருட்டிலும் எதையும் இழக்காதவர்கள்கூட அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. நிறுத்தியது அந்த அம்மாதான். கழுத்தில் சங்கிலி அறுத்த இடம் சிவந்து கோடாகத் தெரிந்தது. “சங்கிலிதான் கிடைத்துவிட்டதே ஐயா, இன்னும் எதற்காக அடிக்கிறீர்கள்?” என்று கேட்டார். கேள்வி பொதுவாகக் கேட்கப்பட்டது. எனக்கு அது என்னைக் கேட்டதாகவே பட்டது.

கயிற்றைக் கட்டுவதற்கு முன் நாங்கள் செய்ததும், கட்டிய பிறகு நடந்ததும் இரண்டும் பலம்தான். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே கலவரம். ஆனால் முதலாவதை நாளைக்கே மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன். இரண்டாவதற்கு எந்த நியாயமும் என்னிடம் இல்லை. ஒரு கை இன்னொருவருக்குத் தீங்கு செய்ய முடிகிற வரையில் அதைத் தடுப்பது காவல். அந்தக் கை கட்டப்பட்டுவிட்டால் அப்புறம் விழுகிற அடிக்கு வேறு பெயர்.

சட்டத்துக்கும் இந்த வேறுபாடு தெரியும். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டவை என்பதால் பிரிவு எண்கள்கூட அதே எண்கள்தான். தன் உடலையும் பிறர் உடலையும் உடைமையையும் காப்பாற்ற ஒருவர் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று அவை சொல்கின்றன. 100ஆம் பிரிவு, உயிருக்கே ஆபத்து வருகிற சில நிலைமைகளில் எதிராளியின் உயிர் போனாலும் குற்றமில்லை என்கிற அளவுக்குப் போகிறது. ஆனால் 99ஆம் பிரிவு கடிவாளம் போடுகிறது: காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் என்ற கிறிஸ்தவ ஞானியும் கிட்டத்தட்ட இதையே எழுதினார். தன்னைக் காத்துக்கொள்ளும் நோக்கத்தோடு அடிப்பது தவறாகாது, தேவைக்கு மேல் அடித்தால் தவறு என்றார்.

டால்ஸ்டாய் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். தீமையைப் பலத்தால் எதிர்க்கவே கூடாது என்பது அவருடைய நிலை. அவர் வழியில் போனால் அந்தப் பையனின் மணிக்கட்டை நான் பிடித்ததே தவறு. முழு அகிம்சை என்பது அதுதான், அதை அவர் அரைகுறையாகச் சொல்லவில்லை. அரசு, ராணுவம், நீதிமன்றம் எல்லாமே பலத்தின் மேல் நிற்பதால் எல்லாவற்றையும் மறுத்தார். தன் உயிரை மட்டும் பணயம் வைக்கிற ஒருவர் அப்படி வாழ்ந்தால் நான் கும்பிடுவேன். ஆனால் அன்று பணயத்தில் இருந்தது காய்கறிப் பை தூக்கிவந்த ஓர் அம்மாவின் கழுத்து. அடுத்தவர் கழுத்தை வைத்து நான் புண்ணியம் தேட முடியாது.

இன்னொரு முனையில் நியாயப் போர் என்ற சிந்தனை இருக்கிறது. காரணம் நியாயமாக இருக்க வேண்டும், வேறு வழியெல்லாம் முயன்று பார்த்திருக்க வேண்டும், அடி அளவோடு இருக்க வேண்டும், ஆயுதம் ஏந்தாதவரைத் தொடக் கூடாது என்று நிபந்தனை போட்டு, அவற்றுக்குள் போரை அனுமதிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தப் போரிலும் இரண்டு தரப்பும் எல்லா நிபந்தனையும் தங்களுக்குப் பொருந்துவதாகவே சொல்லிக்கொள்கின்றன.

வள்ளுவர் இரண்டையும் எழுதியவர். தீங்கு செய்தவரைத் தண்டிக்கும் வழி, அவர் வெட்கப்படும்படி நன்மை செய்துவிடுவது என்பது 314ஆம் குறள். கொலையில் கொடியவரை வேந்தன் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பதைப் போன்றது என்பது 550ஆம் குறள். முதலாவது தனி மனிதனுக்கு, இரண்டாவது அரசனுக்கு என்று உரைகாரர்கள் பிரித்துத் தருவார்கள். அந்தப் பிரிவு எனக்கும் உதவுகிறது. ஆனாலும் களை என்ற உவமையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்த எங்கள் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். முதுகில் மருந்து டின்னைச் சுமந்து, காற்று திரும்பும்போதெல்லாம் முகத்தைத் திருப்பி, நகமெல்லாம் கறுத்துப்போனவர்கள். களைக்கு அடித்த மருந்து களையோடு நிற்பதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். எங்கள் சமூகத்துக்கு அதனால் நிறைய நஷ்டம்.

தோட்டத்துத் தமிழன் சாது, பொறுமைசாலி, அகிம்சைவாதி என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. விடியற்காலை பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றதையும், கங்காணி அடித்தால் வாங்கிக்கொண்டதையும் அகிம்சை என்றால் அந்தச் சொல்லுக்கே அவமானம். அது பயம். பயப்பட நல்ல காரணமும் இருந்தது: வேலை போனால் வீடும் போகும், கடையில் பற்றும் நிற்கும். காந்திக்கு இந்த வேறுபாட்டில் சந்தேகமே இருந்ததில்லை. கோழைத்தனம், வன்முறை என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால் வன்முறையையே சொல்வேன் என்று 1920இல் எழுதினார். கை ஓங்கத் தெரிந்தவன், ஓங்க முடிந்தவன், ஓங்காமல் நின்று ‘முடியாது’ என்று சொல்வதுதான் அவருடைய அகிம்சை. பொறுமையைப் போதித்தவர்கள் வேறு ஆட்கள், பெரும்பாலும் சம்பளப் பட்டியலை வைத்திருந்தவர்கள்.

அந்த ‘முடியாது’ உருவானதிலேயே நம்மவர்களுக்குப் பங்கு உண்டு. 1894இல் தென்னாப்பிரிக்காவில், முதலாளி அடித்துப் பல் உடைந்த பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி இளம் வக்கீல் காந்தியின் முன் வந்து நின்றார். 1913இல் ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் விதிக்கப்பட்ட 3 பவுன் வரியை எதிர்த்து, தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சுரங்கம் நின்றது, பிறகு கரும்புத் தோட்டங்களும் நின்றன. சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு அப்போது பதினாறு வயது. சத்தியாக்கிரகம் என்பது ஏதோ ஆசிரமத்தில் பிறந்து பிற்பாடு தோட்டத்துக்கு வந்த சரக்கு என்று நினைக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கடல் தாண்டிப் போன கூலிகள் அதன் முதல் பெரும்படை.

மலாயாவில் அதற்கு நிகரான நாட்கள் 1941இல் வந்தன. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மார்ச் முதல் மே வரை வேலைநிறுத்தம் அலை அலையாக எழுந்தது. முன்னின்றவர் ஆர். எச். நாதன், தமிழ்ப் பத்திரிகையாளர். கோரிக்கைகளைப் படித்தால் இன்றும் நெஞ்சு அடைக்கும். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கிற கூலி எங்களுக்கும் வேண்டும். கொடுமைக்கார மேற்பார்வையாளர்களை நீக்க வேண்டும். எங்கள் பெண்கள் மேல் கை வைக்கக் கூடாது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையோ, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்தக் கடைசிக் கோரிக்கையை நான் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். அதற்குக் காசு செலவில்லை. எந்தக் கம்பெனிக்கும் ஒரு சென்ட் நஷ்டம் இல்லை. ஆனால் அதைத்தான் பொறுக்க முடியாமல் போனது. இறங்காமல் ஓட்டிக்கொண்டு போகிற ஒரு கூலி யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. மிதித்துக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். முதல் பலம் யாருடையது என்று சரித்திரத்தைக் கேட்டால், சைக்கிளிலிருந்து இறங்கு என்று சொன்ன கட்டளையிலிருந்தே எண்ண வேண்டும். அடியும் துப்பாக்கியும் வெளியே தெரிகிற பலம். வெளியே தெரியாத பலம் அமைதி என்ற பெயரில் பல ஆண்டு நடந்துகொண்டிருக்கும். அந்த அமைதியைக் கலைக்காதே என்று சொல்பவருக்கும் அகிம்சைக்கும் சம்பந்தம் இல்லை.

வேலைநிறுத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பால்மரத்தை விடியலில் சீவ வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். அன்றைய பாலை அன்றே எடுத்து ஸ்டோரில் சேர்க்க வேண்டும். ஆறு மணிக்குக் கத்தி மரத்தில் படவில்லை என்றால் அன்றைய வருமானம் மரத்திலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுத்தறிவில்லாத ஒரு தொழிலாளியின் வராமைக்கு லண்டன் கம்பெனி பயந்தது. அகிம்சைப் போராட்டம் எதிராளியின் மனசாட்சியை மட்டும் நம்பியிருப்பதாக நினைப்பது தவறு. எதிராளிக்கு நம் உழைப்பு வேண்டும், நம் சம்மதம் வேண்டும், அதை நாம் தர மறுக்கலாம் என்பதில்தான் அதன் சக்தி இருக்கிறது. எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை ஆராய்ந்து, ஆயுதமில்லாதவற்றில் 53 சதவீதமும் ஆயுதமேந்தியவற்றில் 26 சதவீதமும் வெற்றி பெற்றதாகக் கணக்கிட்டார்கள். கிழவரும் பெண்களும் பிள்ளைகளும் சேர முடிகிற போராட்டத்தில் கூட்டம் பெருகும், கூட்டம் பெருகினால் எதிராளியின் சிப்பாய்க்கும் கை நடுங்கும் என்பது அவர்கள் காட்டும் காரணங்களில் சில. கிள்ளான் மற்ற 47 சதவீதத்தின் பக்கம் விழுந்தது.

உழைப்பே தேவைப்படாத இடத்தில், அல்லது உழைக்கிற உயிருக்கு மதிப்பே இல்லாத இடத்தில், இந்தச் சக்திக்குப் பிடி கிடைப்பதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு எங்கள் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை லாரியில் ஏற்றினார்கள். ஒருவர் காலராவில் செத்தால் அடுத்த லாரியிலிருந்து இன்னொருவர். அங்கே யார் ‘முடியாது’ என்று சொல்லி எதைச் சாதித்திருக்க முடியும்? 1938இல் ஜெர்மனியின் யூதர்களுக்குக் காந்தி சத்தியாக்கிரகத்தை யோசனையாகச் சொன்னார். மார்ட்டின் பூபர் என்ற யூதச் சிந்தனையாளர் மறுத்து எழுதினார்: தென்னாப்பிரிக்காவில் உங்கள் மக்கள் பட்ட துன்பம் வேறு, இது வேறு என்று. காந்தியை நான் எவ்வளவு மதித்தாலும் இந்த ஒரு விஷயத்தில் பூபர் பக்கம்தான் நிற்கிறேன். அழிப்பதையே நோக்கமாகக் கொண்டவனிடம் நம்மை நாமே ஒப்படைப்பதால் அவன் கை தளராது.

தோட்ட வீடுகளில் காந்தி படமும் நேதாஜி படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருப்பதை வெளியூர்க்காரர்கள் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். இந்திய தேசிய ராணுவத்திலேயே ஒரு படைப்பிரிவுக்குக் காந்தி என்று பெயர் இருந்தது. அவர் பெயரைச் சூட்டிக்கொண்டு துப்பாக்கி தூக்கினார்கள். ரப்பர் காட்டுப் பெண்பிள்ளைகள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து காக்கிச் சட்டை போட்டார்கள். இதைக் குழப்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரட்டுக்களத்தில் குனிந்தே நின்றவர்கள் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றது அங்கேதான். அந்த நிமிர்வு போருக்குப் பிறகு தொழிற்சங்கங்களுக்கும் வந்தது, கெடாவின் தொண்டர் படைக்கும் வந்தது.

தொண்டர் படையைப் பற்றி நம்மவர்கள் அரைக்கதைதான் சொல்கிறோம். பெடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி முன்னின்று வளர்த்த இயக்கம் அது. கள்ளுக்கடையை ஒழிப்பது முதல் வேலை. சம்பளத்தைத் தோட்டமே கொடுத்து, தோட்டத்துக் கள்ளுக்கடையே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது எத்தனை குடும்பங்களின் அடுப்பை எரியவைத்திருக்கும்! 1947 பிப்ரவரி இறுதியில் பெடோங்கில் கள்ளுக்கடை மறியலைப் போலீசார் அடித்துக் கலைத்தார்கள், ஓர் உயிர் போனது. அடுத்தடுத்து மற்றத் தோட்டங்களிலும் மோதல், கைது, துப்பாக்கிச் சூடு. இவை நாம் சொல்கிற பாதி. சொல்லாத பாதி, தொண்டர்கள் கள் குடித்தவர்களைப் பிடித்துத் தாங்களே தண்டித்ததும்தான். கடையின் வாசலில் உட்கார்ந்து மறிப்பது ஒன்று. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கிற கூலிக்காரனைப் பிடித்துப் பலர் பார்க்க அவமானப்படுத்துவது வேறொன்று. முதலாவதில் போலீஸ் தடியைத் தொண்டன் தன் உடம்பில் வாங்குகிறான். இரண்டாவதில் அவன் கையிலேயே தடி இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு வந்த கைதான், சந்தையில் ஹெல்மெட் எடுத்த கையைப் போலவே.

சுங்கை சிப்புட்டுக்கு வருகிறேன். 1948இல் சுட்டவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. வேலைநிறுத்தங்கள் நசுக்கப்பட்டன, சங்கத் தலைவர்கள் விரட்டப்பட்டார்கள். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்டியன் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். கை கட்டப்பட்டிருந்தது. அந்தக் குண்டு யாரைக் காப்பாற்றியது? அந்த மூவரும் பத்து காஜாவில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் பத்தாங் காலியின் ரப்பர் தோட்டம் ஒன்றில், ஆயுதமில்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அவர்களும் பிடிபட்டுக் காவலில் இருந்தவர்கள். சட்டத்தின் பக்கம் நின்ற துப்பாக்கியும், சட்டத்தை எதிர்த்த துப்பாக்கியும் அந்த இடத்தில் ஒரே வேலையைத்தான் செய்தன.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிமார். காட்டிலிருந்து இரவில் வந்தவர்கள் பால்மரப் பட்டையை வெட்டிச் சிதைத்தார்கள், புகைக் கொட்டகையைக் கொளுத்தினார்கள், அடையாளக் கார்டைப் பறித்துக்கொண்டு போனார்கள். கார்டு இல்லாதவரைப் பகலில் வந்த போலீசார் சந்தேகித்தார்கள். அரிசி கொடுத்தால் ஒரு தரப்பு பிடிக்கும், கொடுக்காவிட்டால் இன்னொரு தரப்பு அடிக்கும். சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலிக்குள் வைத்தார்கள். இரண்டு தரப்பும் தொழிலாளியின் நன்மைக்காகவே போராடுவதாகச் சொன்னார்கள். ஆயுதம் எடுக்கிறவருக்கு நான் வைக்கிற கேள்வி இதிலிருந்து வருகிறது: உங்கள் முடிவின் விலையை யார் கொடுக்கப் போகிறார்கள், அவர்களைக் கேட்டீர்களா? உண்ணாவிரதம் இருப்பவர் தன் வயிற்றை வைத்து ஆடுகிறார். துப்பாக்கி எடுப்பவர், தன் உயிரோடு சேர்த்து, லயத்தில் தூங்குகிற பிள்ளையின் உயிரையும் வைத்து ஆடுகிறார். பிந்தியவருக்கு அதிகக் கடமை உண்டு, அதிகக் கணக்கு உண்டு.

கணபதியின் கணக்கு இன்னும் தீரவில்லை. எஸ். ஏ. கணபதி, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். அந்த அமைப்பு 1948இல் முடக்கப்பட்டது. அவரிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது என்பது வழக்கு. யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. அவசரகாலச் சட்டத்தில் ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு. இந்திய அரசு கருணை கேட்டும் பயனில்லாமல், 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அரசுக்குத் தன்னைக் காக்கும் உரிமை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். சிறைக்குள் இருந்த ஒரு மனிதரிடமிருந்து அன்று காலை அது எதைக் காத்துக்கொண்டது?

இந்தப் பின்னணியில்தான் 1954இல் அந்தப் பள்ளிக்கு வைத்த பெயரைப் பார்க்கிறேன். சம்பந்தன் பிற்பாடு செய்த ஒரு காரியம் அதைவிடப் பெரியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளிகள் ஒரே இரவில் வேலையும் வீடும் இழந்தார்கள். கோபத்துக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (மலாயா டாலர்) கட்டுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். அந்தக் காலத்துத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. எல்லாத் தோட்டத்தையும் அது காப்பாற்றிவிடவில்லை, நிறையக் குடும்பங்கள் ஊர்ப்புறத்துப் புறம்போக்கு வீடுகளுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் தள்ளப்பட்டன. ஆனாலும் கல்லெறியவும் இல்லாமல், கைகட்டி நிற்கவும் இல்லாமல் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதற்குச் சாட்சி, எங்கள் ஊரின் பழைய அலமாரிகளில் இன்னும் கிடக்கிற அந்தப் பங்குப் பத்திரங்கள்.

2007 நவம்பர் 25 அன்று, மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் இயக்கம் கோலாலம்பூரில் கூட்டிய கூட்டத்திலும் காந்தி படத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கண்ணீர்ப் புகையும் ரசாயன நீரும் அவர் படத்தின் மேலும்தான் விழுந்தன. 2008 பிப்ரவரியில் பிள்ளைகள் கையில் ரோஜாப் பூவோடு போனார்கள், அப்போதும் புகைதான். அந்தப் பூவைக் கேலி செய்தவர்கள் நம்மிலேயே உண்டு. எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை. பூ கொண்டுவந்தவர்களை அடிக்கிற கைக்கு, நான் என்னைக் காத்துக்கொண்டேன் என்று சொல்ல வழி இல்லாமல் போகிறது.

இன்று எங்கள் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், பையன்கள் இதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. மளிகைக்கடையில் பிரம்புக் கட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள், சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடியோடு. வீட்டில் அது, பள்ளியில் அது, நீதிமன்றத் தீர்ப்பிலும் அது. அடங்கியவனை அடிப்பது தப்பில்லை என்று மூன்று இடத்திலும் கற்றுக்கொண்ட பிள்ளை, பதினேழு வயதில் ஏதோ ஓர் எண்ணைப் பெயராக வைத்துக்கொண்ட கும்பலுக்குள் போகும்போது புதிதாக எதையும் கற்பதில்லை.

சந்தைச் சம்பவத்துக்குப் பத்து நாள் கழித்து, விசாரணை அதிகாரி என்னை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார். சங்கிலி அறுத்ததைச் சொன்னேன், திருப்புளியைச் சொன்னேன், மணிக்கட்டைப் பிடித்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, நெற்றிக் காயம் கீழே விழுந்தபோது பட்டதா, கட்டுவதற்கு முன்பா, கட்டிய பிறகா என்று கேட்டார். அறைக்கு வெளியே பெஞ்சில் மீன்கடைக்காரரும் இன்னும் இருவரும் காத்திருந்தார்கள். கட்டிய பிறகு என்றேன். யார் அடித்தது என்றும் கேட்டார். நான் பார்த்த இரண்டு பேரைச் சொன்னேன், நான் தடுக்காமல் நின்றதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சந்தையில் இரண்டு கடைக்காரர்கள் இப்போது என்னோடு பேசுவதில்லை. காய் வேண்டுமென்றால் அடுத்த வரிசைக்குப் போகிறேன். அந்த அம்மா மட்டும் போன வாரம் என்னைக் கண்டு நின்றார். சங்கிலி இன்னும் வழக்குப் பொருளாகப் போலீசில்தான் இருக்கிறது, கழுத்தில் மஞ்சள் கயிறு போட்டிருந்தார். “அந்தப் பையனுக்குத் தையல் பிரித்துவிட்டார்களா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.